நங்கூரம் போட்டாச்சாம்!

பாக் விரிகுடாவில் கோடைக்குத் தூண்டில் போட நண்பர்களோடு படகில் கிளம்பும் கூட்டத்தை என்ன சொல்ல? ஐந்து மீட்டர் ஆழத்துக்கு ஏழு மீட்டர் கயிறு! கயிறு செங்குத்தாக இழுத்தால் நங்கூரம் மண்ணை எப்படிக் கவ்வும்? 25 மீட்டராவது விடணும், காற்று ஏறினால் 35. நுனியில் இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி இருந்தால்தான் நங்கூரத்தின் தண்டு தரையில் படுக்கும். அதைவிடக் கொடுமை, கயிற்றைப் படகின் பின்பக்கம் கட்டுவது. மோட்டார் எடையில் ஏற்கனவே தாழ்ந்த இடம். ஒரு அலை போதும், தண்ணீர் உள்ளே. படகின் முன்முனையான அணியத்தில் கட்டுங்கப்பா! மணல் திட்டு பார்த்துப் போடுங்க. கடற்புல்லில் பிடிப்பும் கிடைக்காது, இழுபட்டால் கடற்பசு மேயும் புல்லும் போச்சு. படகு நகர நகர எல்லார் தூண்டில் நரம்பும் நங்கூரக் கயிற்றில் சிக்கும். அப்புறம் மீனே கடிக்கலைன்னு அலுப்பு வேற.