காய்ச்சினால் கதிரியக்கம் போகாது

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பால் சங்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “அணுகுண்டுச் சோதனையால் பாலில் கதிரியக்கம் கலந்தது என்பது போராட்டக்காரர்கள் கிளப்பிய புரளி. கலந்திருந்தாலும் காய்ச்சினால் போய்விடும்.” இரண்டும் பொய்.

காய்ச்சினால் கிருமிதான் சாகும். அணுகுண்டு வெடிக்கும்போது உண்டாகும் ஸ்ட்ரான்சியம்-90, ஸ்ட்ரான்சியம் என்ற தனிமத்தின் கதிரியக்க வடிவம்; எந்த அடுப்பும் அதை அழிக்காது. கால்சியத்தை ஒத்த அதன் குணம்தான் ஆபத்து: புல்லில் விழுந்து, பசுவின் பால் வழியே குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் தங்கிவிடும். பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும்.

இதைப் புரளி என்று சொல்வது, குழந்தைகளின் பல்லை ஆய்வுக்குக் கொடுத்த தாய்மார்களுக்குச் செய்யும் அநியாயம். 1958 இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் லூயிஸ் ரீஸ் முதலானோர் ஸ்ட்ரான்சியம்-90 எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, விழுந்த பால்பற்களைத் திரட்டத் தொடங்கினார்கள். பிறந்த தேதி, ஊர், குடித்தது தாய்ப்பாலா புட்டிப்பாலா என்று அட்டையில் எழுதித் தாய்மார்கள் பல்லை அனுப்பினார்கள். கொடுத்த குழந்தைக்கு, ‘அறிவியலுக்கு என் பல்லைத் தந்தேன்’ என்ற பேட்ஜ் கிடைத்தது. மூன்று லட்சத்துக்கு மேல் சேர்ந்தன. 1950களில் சோதனைகள் பெருகப் பெருக, பற்களில் ஸ்ட்ரான்சியமும் ஏறியது ஆய்வகத்தில் தெரிந்தது.

1961 நவம்பர் 1 அன்று அணுகுண்டுச் சோதனையை எதிர்த்து அமெரிக்காவின் பல நகரங்களில் பெண்கள் வீதிக்கு வந்தார்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன் மூன்றும் காற்றுவெளிச் சோதனைக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நிலத்தடிச் சோதனைகளை அந்த ஒப்பந்தம் தடுக்கவில்லை; அவை தொடர்ந்தன.