போர்வையின் அடிப்பக்கம் யார் கண்ணில் படப்போகிறது?

இது என் மைனி கேட்ட கேள்வி. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவள், நான் துண்டுத்துணிப் போர்வைக்கு அடியில் கொடுத்துத் தைக்கக் கட்டிலில் நாலு துணியைப் பரப்பி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அடியில கெடக்கப்போற துணிக்கு இம்புட்டு ஆராய்ச்சியா?" என்றாள். கண்ணில் படாது, சரிதான். உடம்பில் படுவது அதுதானே மைனி?

வீட்டில் துண்டுத்துணிப் போர்வை தைக்கிற எல்லாரும் செய்வதைத்தான் முதலில் நானும் செய்தேன். மேல்பக்கத்துக்கு மாதக்கணக்கில் துண்டு சேர்த்து, நிறம் பார்த்து, சதுரம் சதுரமாக வெட்டித் தைத்துச் சேர்த்துவிட்டு, அடித்துணிக்கு மட்டும் கடைசி நாளில் ரத வீதிக்கு ஓடி, மலிவாகக் கிடைத்த ஒரு சிவப்புத் துணியை வாங்கி வந்தேன். நனைக்கக்கூட இல்லை. முதல் சலவையிலேயே சிவப்பு ஓடி, மேலே இருந்த வெள்ளைச் சதுரமெல்லாம் ரோஸ் கலர் ஆகிவிட்டது. அது போதாதென்று அடித்துணி மட்டும் தனியாகச் சுருங்கி, போர்வை நாலு மூலையிலும் அப்பளம் மாதிரி வளைந்து நின்றது. ஆறு மாத வேலை. இப்போது இஸ்திரி மேசையில் விரித்துக் கிடக்கிறது.

புதுப் பருத்தித் துணி மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் வரை சுருங்குவது சாதாரணம். காடாத் துணியும் கைத்தறியும் அதற்கு மேலும் சுருங்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, கஞ்சி போகிற மட்டும் அலசிக் காயவைத்து, அப்புறம் வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை. சாயம் ஓடுமா என்று பார்க்க வழி சுலபம்: ஈரத்துணியின் மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள், கைக்குட்டை சொல்லிவிடும். கறுஞ்சிவப்பும் கருநீலமும் பச்சையும் எப்போதும் சந்தேகக் கேஸ்.

இரண்டாவது போர்வைக்கு உஷாராகிவிட்டேன் என்று நினைத்து, வழவழவென்று நெருக்கமாக நெய்த பெரிய பெட்ஷீட் ஒன்றை அடியில் கொடுத்தேன், ஒட்டே இல்லாமல் ஒரே துணியாகக் கிடைக்கிறதே என்ற ஆசையில். மேல்துணி, நடுத்துணி, அடித்துணி மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத்தையல் போடுகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஊசி இறங்கவே இல்லை. இரண்டு ஊசி முறிந்தது, ஆள்காட்டி விரல் நுனி தோல் தடித்துவிட்டது, கடைசியில் பாதிப் போர்வையைத் தையல்காரரிடம் கொடுத்து மிஷினில் ஓட்டி வாங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது அது முழுப் பருத்தியும் இல்லை என்று. காட்டன் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஓரத்து நூல் இரண்டை உருவிக் கொளுத்திப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்: பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக உறைந்துவிடும். வீட்டுக்கு வந்து கொளுத்திப் பார்த்தேன், மணி மணியாக வந்தது.

இந்த ஊரில் பாலியெஸ்டரை உடம்போடு ஒட்டவைத்துப் படுக்கவா முடியும்? குற்றாலத்துச் சாரல் அடிக்கிற நாளில் தென்காசிப் பக்கம் ஒருவேளை முடியும். பாளையங்கோட்டையில் சித்திரையில் கரண்டு போன ராத்திரியில் முடியாது. இப்போது வெல்வெட் மாதிரிப் புசுபுசு துணியை அடியில் கொடுத்து ஆன்லைனில் விற்கிறார்கள், பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் அது குளிர்தேசத்து ஆட்களுக்கு. நமக்கு நடுவில் பஞ்சுகூட வேண்டாம், பழைய மெல்லிய போர்வை ஒன்று போதும்.

என் கட்சி பழைய துணிக் கட்சி. ஆச்சி போர்வைக்கு எப்போதும் சேலையைத்தான் எடுப்பாள், அதுவும் இருபது தடவையாவது துவைத்துப் பழகிய நூல் சேலை. சுருங்க வேண்டியது சுருங்கி, ஓட வேண்டிய சாயம் ஓடி முடிந்த துணி அது. கணக்கும் அழகாக வரும். ஐந்தரை மீட்டர் சேலையை நடுவில் வெட்டி இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்தால், தையலுக்கும் கரைக்கும் போக சுமார் 90 அங்குல அகலம், 108 அங்குல நீளம். டபுள் கட்டில் போர்வைக்கே காணும். (வீரவநல்லூர்த் தறியில் நெய்கிற செடிபுட்டாச் சேலையை மட்டும் யாரும் இதற்கு வெட்டிவிடாதீர்கள், பாவம்.) பழசு என்பதற்காக நைந்ததை எடுக்கவும் கூடாது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், குறுக்கே ஒரு இழு இழுத்துப் பாருங்கள். நூல் விலகினாலோ கிழிகிற சத்தம் வந்தாலோ அது கரித்துணிக்குத்தான்.

மறந்துவிட்டேனே, அடித்துணி மேல்பக்கத்தைவிட நாலு பக்கமும் நாலு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். தைக்கத் தைக்கத் துணி உள்ளே இழுக்கும். சரியாக வெட்டிவைத்து, கடைசியில் ஒரு ஓரத்தில் குறைந்துபோய் ஒட்டுப்போட்டு அழுதவள் நான்.

பூப்போட்டதா பிளெயினா என்பதில் மைனிக்கும் எனக்கும் இன்னும் தீரவில்லை. பிளெயின்தான் பாந்தம் என்கிறாள். பிளெயினில் என் கோணல் தையல் ஒவ்வொன்றும் பல்லைக் காட்டும், பொடிப்பூப் போட்ட துணி அதையெல்லாம் மூடிவிடும் என்பது என் வாதம். அவள் தைக்கிறவள் இல்லை, அதனால் பேசுவாள்.

இப்படிப் பேசிவிட்டு மூன்றாவது போர்வைக்கு நான் எடுத்தது பிளெயினோ பிளெயின், அப்பாவின் எட்டு முழ வேட்டி. அறுபதுக்கு எண்பத்துநாலு அங்குலப் போர்வை. வேட்டியை இரண்டாக்கி, கரையோடு கரை சேர்த்தால் அளவு கச்சிதமாக வந்துவிட்டது. கரையை வெட்டிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும், அங்கே நூல் நெருக்கம், துணியின் மற்ற பாகத்தோடு ஒத்துப்போகாது. தெரியும். ஆனாலும் அந்தப் பச்சைக் கரையில் கத்தரியை வைக்கக் கை வரவில்லை. அப்படியே சேர்த்துத் தைத்தேன், ஊக்கு குத்தும்போதே நடுவில் சுருக்கம் விழ ஆரம்பித்துவிட்டது. துவைத்த பிறகு இன்னும் மோசம், போர்வைக்குக் குறுக்கே பச்சையாக ஒரு வரப்பு மாதிரி நிற்கிறது. அப்பா அதை இடுப்புக்கு நேராக வருகிறபடி திருப்பிப் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தூங்குகிறார்.