கிம்மின் மாமாவும் 120 நாய்களும்

"கிம் ஜாங் உன் தன் மாமாவை 120 பட்டினி நாய்களுக்குப் போட்டார்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது நடக்கவில்லை. கிம்மின் அத்தையின் கணவர் ஜாங் சாங் தேக்குக்கு 2013 டிசம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது நிஜம். வட கொரிய அரசே அறிவித்தது. நாய்க் கதை மட்டும் சீனச் சமூக வலைத்தளத்தில் யாரோ நையாண்டியாக எழுதியது. ஹாங்காங் நாளிதழ் ஒன்று அதைச் செய்தியாகப் போட, உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

வட கொரியப் பாடகி ஹியோன் சாங் வோல் கதையும் இதே மாதிரிதான். 2013 ஆகஸ்டில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டதாகத் தென் கொரியாவின் சோசன் இல்போ நாளிதழ் எழுதியது. அப்புறம் 2018 ஜனவரியில், குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டிய கச்சேரிக்கு அரங்கம் பார்க்க அவரே தென் கொரியா வந்தார். கழுத்தில் ரோமத் துண்டோடு சியோல் ரயில் நிலையத்தில் நடந்து போனதை அத்தனை கேமராக்களும் படம் பிடித்தன. பழைய செய்தியோ இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நான் கிம்முக்கு வக்காலத்து வாங்கவில்லை. அங்குள்ள சிறை முகாம்களின் கொடுமையை ஐ.நா. விசாரணைக் குழு 2014-லேயே, தப்பி வந்தவர்களின் சாட்சியத்தோடு பதிவு செய்திருக்கிறது. தயவுசெய்து பதிவில் அந்த நாய் வரியை எடுத்துவிட்டு இதைச் சேருங்கள்.