பொன்னாடையோடு சாதனையின் அளவையும் சொல்லுங்கள்

பாராட்டு விழா எனக்குப் பிடிக்கும். ஊர்ப் பிள்ளை மெடல் வாங்கி வந்தால் ஃபிளெக்ஸ் வைக்கட்டும், வேட்டு வெடிக்கட்டும், ஜமாப் மேளம் அடிக்கட்டும். இதெல்லாம் வீண் செலவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. விடியுமுன்னே எழுந்து மைதானத்துக்கு ஓடிய பிள்ளைக்கு ஊரே கூடிக் கைதட்டும் ஒரு நாள் கட்டாயம் வேண்டும். என் மனக்குறை வேறு. அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதை நாம் மேடையில் சொல்வதே இல்லை.

"மாநில அளவில் சாதனை படைத்த நமதூர்ச் செல்வம்" என்று மைக்கில் கூப்பிடுகிறார்கள். பொன்னாடை, கேடயம், போட்டோ, அடுத்த பெயர். எந்தப் போட்டி, எத்தனை மீட்டர், எத்தனை வினாடி, ஒன்றும் காதில் விழாது. பக்கத்து ஊர் விழா ஒன்றில் கபடி ஆடிவிட்டு வந்த பிள்ளையை வாலிபால் வீராங்கனை என்று அறிவித்தார்கள். திருத்தவும் முடியாமல் அந்தப் பிள்ளை கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

நம் கொங்குச் சீமை பெருமைப்பட வேண்டிய கணக்குகள் எத்தனையோ இருக்கின்றன. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். தாண்டிய உயரம் 1.89 மீட்டர். பழைய வீட்டு நிலைவாசலில் நெட்டையான ஆள் குனிந்து நுழைவாரே, கிட்டத்தட்ட அந்த உயரம். ஐந்து வயதில் காலில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிப்போன பையன், காய்கறி விற்ற அம்மாவின் மகன், அந்த உயரத்தைத் தாண்டினார். அதோடு நிற்கவும் இல்லை. டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம்.

திருப்பூர் மாவட்டத்துத் தருண் அய்யாசாமியை எத்தனை பேருக்குத் தெரியும்? 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி. நேரம் 48.96 வினாடி, அன்றைக்கு அது தேசிய சாதனை. அந்த ஓட்டத்தில் பத்துத் தடை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றடி. அப்பாவைச் சின்ன வயதிலேயே இழந்த அவரை வளர்த்தது பள்ளி ஆசிரியையான அம்மா. இத்தனையும் சொல்லிப் பொன்னாடை போர்த்தினால், கேட்டுக்கொண்டிருக்கும் ஏழாம் வகுப்புப் பையன் வீட்டுக்குப் போனதும் மூன்றடி எவ்வளவு என்று அளந்து பார்ப்பான்.

போன வருசம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் பூச்சாட்டுத் திருவிழாவில் இதைச் செய்து பார்த்தோம். யோசனை உடற்கல்வி ஆசிரியருடையது. நீளம் தாண்டுதலில் மாநிலப் போட்டி வரை போன பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மரியாதை. ஆசிரியர் டேப்பைப் பிடித்து, அவள் தாண்டிய தூரத்துக்குக் கோயில் முன்னால் இரண்டு சுண்ணாம்புக் கோடு போட்டார். மைக்கில் ஒரே ஒரு வரிதான்: "இந்தக் கோட்டுல காலை ஊன்றினா, அந்தக் கோட்டுலதாங்க இறங்குவா." அப்புறம் எழுந்த சத்தம் இருக்கிறதே! மாவிளக்குத் தட்டோடு நின்ற பெண்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் ஒருவர் அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டே போய், பாதியில் நின்று, "ஏனுங்க சார், இத்தனையும் ஒரே தாவாங்க?" என்று கேட்டார். பொடிசுகள் ராத்திரி வெகுநேரம் வரை அந்தக் கோட்டுக்கு இடையிலேயே தாண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஒன்றரை ஷிப்ட் முடித்து நேராக வந்தவரை மேடைக்கு அழைத்து மகள் பக்கத்தில் நிறுத்தினோம். "பொட்டப்புள்ளைய எதுக்கு ஊர் ஊரா அனுப்பற?" என்று அவரைக் கேட்ட சொந்தக்காரர்களும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் மறுவாரமே தன் மகளை மைதானத்துக்குக் கூட்டிவந்தார். ஊரறியப் பாராட்ட வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

அதே மேடையில்தான் எங்கள் கும்மி ஆசிரியருக்கும் மரியாதை செய்தோம். இந்தப் பக்கத்தில் அவரிடம் வள்ளிக்கும்மி பழகாத வீடு குறைவு. அவர் வாங்காத பொன்னாடையா? அதனால் சால்வையைப் போர்த்தியதும், "ஒரு பாட்டு எடுத்துக் கொடுங்கய்யா" என்று கேட்டோம். "மேடையில கும்மி ஏது கண்ணு, வட்டம் வேணுமில்ல" என்று சொல்லி, கைத்தாங்கலாகக் கீழே இறங்கிவிட்டார். கேட்காமலே வட்டம் கூடியது. முதல் அடியை மெதுவாக எடுத்தார். போகப் போக வேகம் கூட்டினார். மேலே போகிற இடத்தில் குரல் உடைந்தது. அந்த இடத்தில் பெண்கள் பாட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கை மட்டும் தாளம் தப்பவே இல்லை. அவரிடம் பழகியவர்கள், அவர்களுடைய மகள்கள், பேத்திகள் எல்லோரும் ஒரே வட்டத்தில் சுற்றியதை அவர் கண்ணால் பார்த்தார். ஒரு கலைஞருக்கு இதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியாது.

நம் கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது அவருக்கு வயது 87. ஆண்கள் ஆடிவந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் பழக்கியவர். டெல்லி பெயர் சொன்ன பிறகுதான் நம்மில் பலர் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அது என்னை உறுத்துகிறது. கூட ஆடியவர்களும் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களும் நாம்தானே? முதல் மாலை நம் கையிலிருந்து போயிருக்க வேண்டும்.

சின்னப்பம்பட்டி நடராஜன் ஒரே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்கு அறிமுகமாகி 2021 ஜனவரியில் திரும்பியபோது, ஊர் அவரைச் சாரட்டு வண்டியில் ஏற்றி அழைத்துப் போனது. அந்தச் சந்தோஷம் நியாயமானது. பிறகு அவர் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்தார். நம் விழாக்களும் கொஞ்சம் அந்த வழியில் போகலாம். இன்னொரு ஆளுயரக் கேடயத்துக்குப் பதில் ஒரு ஜோடி ஸ்பைக்ஸ் ஷூ, அடுத்த போட்டிக்குப் போய்வர பஸ் செலவு. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. மைக் கையில் இருக்கும்போது அதையும் சொல்லலாம்.

விழாக் குழுவில் இருக்கும் அண்ணன்மார், மாமன்மார் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். இந்த வருச நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் ஒரு வேலை. பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் போட்டியையும், ஓடிய நேரத்தையும், தாண்டிய தூரத்தையும், பழக்கிவிட்ட ஆசிரியர் பெயரையும் போடுங்கள். விவரமெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, வாங்கிவந்து பிழையில்லாமல் எழுதித் தருவது என் பொறுப்பு. கும்மி ஆசிரியருக்குச் சாயங்காலமே நேரம் கொடுத்துவிடுங்கள், ராத்திரிப் பனி அவர் தொண்டைக்கு ஆகாது.