அந்த ரெண்டாவது பைசா யாருக்குப் போச்சு?

பக்தியான வீட்ல வளர்ற பிள்ளைங்க எல்லாரும் சேவைக்கு வந்துடறாங்களா என்ன? தினமும் பிரார்த்தனை, விரதம்னு இருக்கற வீட்ல இருந்தே அடுத்தவங்க பசிய திரும்பிக்கூட பாக்காத பிள்ளைங்களும் வர்றாங்க. அப்ப எதுதான் பிள்ளை மனசுல ஒட்டுதுன்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருக்கேன். என்னைக் கேட்டா, நாம கும்பிடறத பாத்து மட்டும் பிள்ளை மாறாது, அந்த நம்பிக்கையில அதுக்கும் ஒரு வேலை குடுக்கணும்.

பாகிஸ்தான் கராச்சில எதி ஃபவுண்டேஷன்னு ஒரு தொண்டு அமைப்பு ஆரம்பிச்ச அப்துல் சத்தார் எதி 1928ல குஜராத் பாண்ட்வாவுல பொறந்தவர். ஸ்கூலுக்குப் போறப்ப அவங்கம்மா தினமும் ரெண்டு பைசா குடுப்பாங்களாம், ஒண்ணு உனக்கு, இன்னொண்ணு இல்லாதவங்களுக்குன்னு. இந்த அளவுக்கு நெறைய அம்மாக்கள் செய்வாங்க. ஆனா அந்தம்மா அதோட விடல, பையன் வீட்டுக்கு வந்ததும் அந்த இன்னொரு பைசா என்னாச்சுன்னு கேப்பாங்க, ரெண்டையும் தனக்கே செலவு பண்ணியிருந்தா நல்லா திட்டு விழும். யோசிச்சுப் பாருங்க, அந்தக் கேள்விக்கு பதில் சொல்லணும்னா அந்தப் பையன் வழி நெடுக மனுஷங்க மூஞ்சிய பாத்துட்டே போகணும், இவருக்குத் தேவையா அவருக்குத் தேவையான்னு. குடுத்த காசை விட அந்தப் பார்வைதான் பெருசு.

அவருக்கு 11 வயசு இருக்கறப்ப அம்மாவுக்கு பக்கவாதம். குளிப்பாட்டறது, சாப்பாடு ஊட்டறது, துணி மாத்தறது எல்லாம் இவர்தான். 19 வயசுல அம்மா தவறிட்டாங்க. 1951ல கராச்சில ஏழைங்களுக்காக சின்னதா ஒரு மருந்தகம் வச்சார், அப்புறம் ஆம்புலன்ஸ், கேக்க ஆளில்லாத பிணங்கள குளிப்பாட்டி அடக்கம் பண்றது, அவரோட அமைப்பு வாசல்ல தொட்டில். வளக்க முடியாத குழந்தைய அதுல விட்டுட்டுப் போகலாம், யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ஆம்புலன்ஸ்ல ஏத்தறதுக்கு மதமும் பாக்கல. 2016ல இறந்தப்ப கண்ணையும் தானமா குடுத்துட்டுத்தான் போனார்.

எங்கம்மா சாமி கும்பிடறப்ப முதல்ல உடம்பு சரியில்லாதவங்க பேரெல்லாம் வரும், எங்க பேரு கடைசிலதான். கும்பிட்டு முடிச்சதும் அந்த லிஸ்ட்ல யாராவது ஒருத்தர் வீட்டுக்கு என்னைப் போய் பாத்துட்டு வரச் சொல்லுவாங்க. ஒருத்தர் கஷ்டம்னு கேட்டா என்னால இன்னிக்கும் சும்மா உக்கார முடியாது, அது அங்கிருந்து வந்ததுதான்.

ஆனா பெத்தவங்களுக்கும் இதுல ஒரு பரீட்சை இருக்கு. அன்னை தெரசாவோட அம்மா ட்ரானா, 1919ல புருஷன் இறந்து குடும்பமே தடுமாறுனப்பவும், இன்னிக்கு வட மாசிடோனியாவுல இருக்கற ஸ்கோப்யே ஊர்ல தன் வீட்டு சாப்பாட்டு மேஜைல ஏழைகள உக்கார வச்சவங்க. அந்த மேஜைல வளர்ந்த பொண்ணு 1928ல கன்னியாஸ்திரி ஆகறதுக்காக வீட்ட விட்டுக் கிளம்பினப்ப, கடைசில அந்தம்மா தடுக்கல. அதுக்கப்புறம் அவங்க ரெண்டு பேரும் நேர்ல பாத்துக்கவே இல்ல, 1972ல அல்பேனியாவுல அந்தம்மா இறக்கற வரைக்கும் சந்திக்க அந்த நாட்டு அரசு அனுமதி குடுக்கல.

எல்லாரும் அந்த அளவுக்குப் போகணும்னு நான் சொல்லல. ஆனா அன்பு, கருணைன்னு தினமும் சொல்லிக் குடுத்துட்டு, பிள்ளை ஒரு நாள் வந்து நான் வெள்ள நிவாரண கேம்ப்புக்குப் போறேன், இந்த சம்பளம் வேணாம் அந்த வேலைக்குப் போறேன்னு சொன்னா உடனே "அதெல்லாம் மத்தவங்க பாத்துப்பாங்க"ன்னு சொல்றோம் பாருங்க, அது எனக்கு ரொம்ப வலிக்குது. இன்னொண்ணு, பிள்ளை கோயிலுக்கோ சர்ச்சுக்கோ மசூதிக்கோ வர்றதில்லன்னு வருத்தப்படறவங்க, லீவு நாள்ல அவன் எங்க போறான்னு ஒரு தடவை கூடவே போய் பாருங்க, அங்க ரத்தம் குடுக்க ஆள் தேடிட்டு இருப்பான்.