"உன் மேல தப்பே இல்ல" என்ற ஆறுதல் ஏன் எடுபடுவதில்லை?

விபத்தில் ஒரு உயிர் போய்விடுகிறது. வண்டியை ஓட்டியவர் பிழைத்துக்கொள்கிறார். பார்க்க வருகிற எல்லோரும் அவரிடம் சொல்வது ஒன்றைத்தான்: "உன் மேல தப்பே இல்லப்பா, விடு." அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டியரிங் தன் கையில் இருந்தது அவருக்குத் தெரியும். "இதைப் பற்றி இனிப் பேசாதே" என்றுதான் அந்தச் சொல் அவர் காதில் விழுகிறது. அன்றோடு வாயை மூடிக்கொள்கிறார்.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் இதைத் தொட்டு எழுதினார். எந்தத் தவறும் செய்யாத ஒரு லாரி ஓட்டுநரின் வண்டியில் ஒரு குழந்தை அடிபட்டு இறக்கிறது. அவருக்கு வரும் வேதனை, பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு வருவது போன்றதல்ல. அவர் சட்டென்று சமாதானமாகிவிட்டால் நமக்கே அவர் மேல் ஒரு சந்தேகம் வரும். அதனால்தான் சொல்கிறேன், குற்ற உணர்ச்சியைத் துடைத்துப்போடப் பார்க்காதீர்கள். அதை அளந்து பார்க்க உதவுங்கள்.

ஆனால் முதல் சில வாரங்களில் அளக்க உட்காரக் கூடாது. தூக்கம் கெடுவதும், அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்பதும், உடம்பு திடுக்கிடுவதும் அப்போது பெரும்பாலோருக்கு வரும், பலருக்குத் தானாகவே தணியும். "எல்லாத்தையும் கொட்டிடு, பாரம் குறையும்" என்று ஒரே அமர்வில் பேசவைப்பது பின்னால் வரும் பாதிப்பைத் தடுப்பதில்லை; சிலருக்கு நிலைமை மோசமாவதும் உண்டு. மது தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும். இந்த முதல் மாதத்தில் பதற்றம் தணிக்கவும் தூங்கவைக்கவும் கொடுக்கும் பென்சோடயசிபீன் வகை மாத்திரைகளைத் தர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2013இல் சொன்னது. ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயாக (PTSD) இருக்கலாம்; தன்னையே மிகையாகப் பழித்துக்கொள்வது அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதை அவருடைய மனசாட்சி என்று மட்டும் நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இனி அளப்பதற்கு வருவோம். "அன்னிக்கு மட்டும் ஒரு நொடி முன்னாடி பிரேக் பிடிச்சிருந்தா..." இந்த நினைப்பில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். முடிவு தெரிந்த பிறகு, அது முன்பே தெரிந்திருக்க வேண்டியது போல மனம் காட்டும். உளவியல் ஆய்வாளர் பாரூக் ஃபிஷ்ஹாஃப் 1975இல் ஆய்வு செய்து காட்டிய விஷயம் இது. இதற்குக் கணக்கு உதவும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் போகிறது. கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்றால் அதிலேயே 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக, 15 மீட்டர் முன்னால் ஒருவர் குறுக்கே வந்தால் யார் ஓட்டியிருந்தாலும் வண்டி நின்றிருக்காது.

அடுத்து ஒரு தாளில் பெரிய வட்டம் போடுங்கள். விபத்துக்குக் காரணமான எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதுங்கள்: வெளிச்சம், மழை, வளைவு, மறைத்து நின்ற வண்டி, டயர், வேகம், எதிரே வந்தவரின் அசைவு. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எவ்வளவு என்று பங்கு கொடுங்கள். உங்கள் பங்கைக் கடைசியில் போடுங்கள். இந்த வரிசைதான் முக்கியம். முதலில் தன் பெயரை எழுதுகிறவர் கை தானாக 90 போட்டுவிடும், மற்றதெல்லாம் 10க்குள் நசுங்கிவிடும். உடன் இருப்பவர் செய்யும் தவறு வேறு. அன்பில் அந்த எண்ணைப் பூஜ்யத்துக்கு இழுக்கப் பார்ப்பார். இழுத்தால் மறுநாளே வண்டி ஓட்டியவருக்கு அந்தத் தாளில் நம்பிக்கை போய்விடும்.

கடைசியில் 60 மிஞ்சினால்? கையில் போன் இருந்தது, குடித்திருந்தார் என்றால் மிஞ்சத்தான் செய்யும். அது உண்மை, ஏற்கத்தான் வேண்டும். ஆனால் "நான் செய்தது பெரிய தவறு" என்பது வேறு, "நான் இருக்கவே கூடாது" என்பது வேறு. இரண்டாவதை அவர் சொன்னால் சுற்றிவளைக்காமல் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

பரிகாரமாக ஏதாவது செய்யத் துடிப்பார்கள். அதனால் யாருக்காவது பயன் உண்டா என்று பாருங்கள். முதலுதவி கற்று மற்றவர்களுக்குச் சொல்லித்தருவது பயன், அதற்கும் வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஓர் அளவு வேண்டும். சாப்பிடாமல் கிடப்பதாலும், பிள்ளைகளோடு சிரிக்க மறுப்பதாலும் இறந்தவர் வீட்டுக்கு ஒன்றும் போய்ச் சேராது.

அந்தக் குடும்பத்துக்கு எழுத நினைத்தால், வழக்கு நடக்கும்போது முதலில் வக்கீலைக் கேளுங்கள். பிறகு, அவர்கள் படிக்க விரும்புகிறார்களா என்று மூன்றாம் மனிதர் மூலம் விசாரியுங்கள். ஐந்து வரி போதும். எப்படி நடந்தது என்று விளக்காதீர்கள். உங்கள் தூக்கமின்மையை எழுதாதீர்கள். மன்னிப்பைக் கேட்காதீர்கள், கேட்டால் அவர்கள் தலையில் இன்னொரு சுமை ஏறும். இறந்தவரின் பெயரை எழுதி, வருந்துகிறேன் என்று சொல்லி நிறுத்துங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதாதீர்கள்.

மறுபடி ஓட்டுவதும் படிப்படியாகத்தான். முதலில் நிறுத்திய வண்டியில் உட்காருவது, பிறகு பக்கத்து இருக்கை, பிறகு ஆளில்லாத சாலை, கடைசியில் அந்த இடம். பயத்துக்கு நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, அது பாதியாகும் வரை அந்தப் படியிலேயே இருங்கள். நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து பயம் 80இல் இருக்கும்போதே இறங்கி ஓடினால், ஓடியதால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். மறுநாள் கதவைத் திறப்பதே கடினமாகிவிடும்.