மரக்கன்றோடு முடிந்துவிடுகிற பாடம்

சுற்றுச்சூழல் நாள் வந்தால் எங்கள் பகுதிப் பள்ளிகளில் மரக்கன்று நடுவோம், உறுதிமொழி எடுப்போம், படம் பிடிப்போம். ஆசிரியராக நானும் ஆண்டுதோறும் நட்டிருக்கிறேன், அதில் தவறில்லை. ஆனால் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் மண்மேட்டைப் பார்த்தபடி பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கும் பாடம் அந்தக் கன்றோடு முடிந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜம்புலிங்க முதலியார் 1930களில் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்த கதை பிள்ளைகளுக்குத் தெரியும். 1957இல் சுரங்க வேலை தொடங்கியதும் தெரியும். அந்தப் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது.

அங்கே இருப்பது தண்ணீர். பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் தண்ணீர். மேலே உள்ள மண்ணை அகற்றிவிட்டால் அந்த அழுத்தம் சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும் என்பதால்தான் இரவும் பகலும் இறைக்கிறார்கள். இதைச் சொன்னபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்கள் கொல்லைப் போரில் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கி வழிந்தது என்று தாத்தா சொல்வார். இந்தத் தண்ணீர்தானா சார்?" இதேதான் அம்மா, என்றேன். அழுத்தம் குறையக் குறைய அந்தப் பொங்கலும் நின்றுபோனது. அவள் தாத்தா சொன்னது புவியியல் பாடம். அது எந்தப் பாடநூலிலும் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

நிலத்தை மீட்பது என்றால் குழியை மூடி மரம் நடுவது என்றுதான் பெரியவர்களே நினைக்கிறோம். ஒரு நாள் இரண்டு தண்ணீர் பாட்டில்களின் அடியை வெட்டி, தலைகீழாக நிறுத்தினோம். ஒன்றில் வயல் மண், இன்னொன்றில் ஆழத்திலிருந்து வெட்டிக் கொட்டிய களிமண். இரண்டிலும் ஒவ்வொரு டம்ளர் தண்ணீர் ஊற்றினோம். வயல் மண் மடமடவென்று குடித்துவிட்டுக் கீழே சொட்டியது. களிமண்ணின் மேல் தண்ணீர் குளம்போல் நின்றது, மணி அடிக்கும்வரை இறங்கவில்லை. வயல் மண்ணில் ஒரு மண்புழுவும் நெளிந்தது. மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்து, கடைசியில் மேலேயே பரப்ப வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அடிமண் மேலே வந்துவிட்டால் மழை பெய்தாலும் நிலம் குடிக்காது, ஓடை கலங்கி ஏரி தூர்ந்துபோகும்.

சட்டம் இல்லாமல் இல்லை. சுரங்க வேலை முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் வாழத் தக்க நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் சொன்னது. தீவனம் என்ற அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. தைல மரத்தை மாடு மேயாது. பச்சையாகத் தெரிவதும் மாடு மேய்வதும் ஒன்றல்ல என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம். பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று அதே நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது. நாம்தான் அதை ஐந்து மதிப்பெண் வினாவாக்கி வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு என் மாணவர்கள் கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, முனையில் கல்லைக் கட்டி, ஊரின் பழைய கிணறுகளில் நீர்மட்டம் அளக்கிறார்கள். ஆடியில் ஒரு முறை, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒரு முறை. தண்ணீரின் உப்பளவைப் பார்க்கும் கையடக்கக் கருவி ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும். 2015இல் வந்த கனிமச் சட்டத் திருத்தத்தின்படி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டந்தோறும், சுரங்கம் நடத்துவோர் செலுத்தும் பணத்தில் இயங்கும் கனிம அறக்கட்டளை இருக்கிறது, குடிநீரும் கல்வியும் அதன் முதன்மைச் செலவினங்களில் வருகின்றன. சுரங்கத்தை ஒட்டிய ஒவ்வொரு பள்ளிக்கும் அந்தப் பணத்தில் ஒரு கருவி வாங்கிக் கொடுங்கள் என்று கேட்பது பேராசை அல்ல.

கல்குவாரி உள்ள ஊர்களின் ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். அங்கே வேலியில்லாத குழிகளில் நிற்கும் தண்ணீரைப் பற்றிப் பேசுவது உயிர் காக்கிற பாடமும்கூட.

விருத்தாசலம், குறிஞ்சிப்பாடி பக்கத்து நண்பர்களே, உங்கள் வீட்டுப் பரணில் பழைய போர் போட்ட ரசீதோ கிணறு வெட்டிய கணக்கோ இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். எத்தனை அடியில் தண்ணீர் வந்தது, எந்த ஆண்டு, இரண்டும் தெரிந்தால் போதும். பிள்ளைகள் நோட்டில் அந்தப் பக்கத்தை காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள்.